அரசிழந்த மக்களும் இறையரசும்

கிறித்தவ ஆலயங்களில் ஞாயிறுதோறும் ஓதப்பெறும் செபத்திலே இறைவனின் அரசு வரவேண்டும் என்றொரு வேண்டுதல் உண்டு. நம்மவருள் கிறித்தவரல்லாதோர் பலரும், மிசன் பாடசாலைகளிற் படித்த காரணத்தால், அதனை மனனமாகச் சொல்லக்கூடியவர்களே. ஆயினும் அவ்வரசு யாது, எங்கே உள்ளது என்று வினவினால் பெரும்பாலோர் தரும் விடை ஒன்றுதான்: இறந்தபின் ஆன்மா சென்றடையும் மோட்ச வீடு. இவ்விடையை முற்றாகத் தள்ளிவிட நாம் வரவில்லை. ஆனால் அச்செபத்தைக் கற்பித்த யேசுவும், அதைக் கேட்ட கலிலேய மீனவரும் அச்சொல்லை அவ்வாறு விளங்கியிருக்க மாட்டார்கள் என்பதை விவிலிய ஆய்வாளர் பெரும்பாலோர் இன்று ஒப்புக்கொள்வர். அவர்கள் எபிரேய மரபில் வந்தவர்கள். அச்சொல்லின் பின்னே அவர்களுக்கு ஓராயிரம் ஆண்டு வரலாறு நின்றது. அது அரசு பெற்று, அரசிழந்து, நாடு கடத்தப்பட்டு, திரும்பி வந்து, மீண்டும் அந்நியர் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு சிறிய மக்களினத்தின் வரலாறு.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். எபிரேயத்தில் 'மெலெக்' என்றால் அரசன். 'மல்கூத்' என்றால் அவனது அரசத்தன்மை, அவன் ஆளுதல். யேசு பேசிய அரமேய மொழியில் இது 'மல்கூத்தா' என்றும், நற்செய்தி நூல்கள் எழுதப்பெற்ற கிரேக்கத்தில் 'பசிலேயா' என்றும் வரும். எல்லைக் கற்கள் நாட்டிய ஒரு நிலப்பரப்பை இச்சொல் முதன்மையாகக் குறிப்பதில்லை. ஆளுகின்ற செயலையே குறிக்கின்றது என்பதை ஜேர்மனியரான குஸ்தாவ் தல்மன் 1898இல் வெளியிட்ட தமது நூலில் யூத இலக்கியச் சான்றுகளைக் கொண்டு நிறுவினார். நமது பழைய புரொட்டஸ்தாந்து மொழிபெயர்ப்புகள் 'தேவனுடைய ராஜ்யம்' என்றும் 'பரலோக ராஜ்யம்' என்றும் எழுதின. ராச்சியம் என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுவது ஒரு நாடு. கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் கூடிச்செய்து 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ 'இறையாட்சி' என்ற சொல்லைத் தேர்ந்துகொண்டது. எபிரேயப் பொருளுக்கு இதுவே அண்மையானது என்பது நமது கருத்து. யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலர் துணைநின்று, அது 1850இல் அச்சேறிய காலந்தொட்டே, விவிலியத்துக்குத் தகுந்த தமிழ்ச்சொல் எது என்ற வழக்கு நம்மிடையே நடந்துவருகின்றது. ஒரு சொல்லைத் தேர்வது ஒரு கொள்கையைத் தேர்வதாகவும் ஆகிவிடுவதுண்டு.

மத்தேயு மட்டும் 'விண்ணரசு' என்கிறாரே என்று கேட்கலாம். யூதர் இறைவனின் திருப்பெயரை வீணில் உச்சரிக்க அஞ்சியவர்கள். அதற்குப் பதிலாக 'விண்' என்று சுற்றிச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. மாற்கும் லூக்காவும் இறையாட்சி என்று எழுதும் அதே இடங்களில் மத்தேயு விண்ணரசு என்று எழுதுகின்றார். ஆகவே அது விண்ணிலே அமைந்த அரசன்று, விண்ணவனின் ஆட்சி. மேற்சொன்ன செபமும் மனிதன் மேலே போவதைக் கேட்கவில்லை என்பதையும், விண்ணில் நடப்பது மண்ணிலும் நடக்கவேண்டுமென்றே கேட்கின்றது என்பதையும் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

'இறைவனின் அரசு' என்ற இதே சொற்றொடரை எபிரேய மறைநூலில் தேடினால் அது மிக அரிதாகவே அகப்படும். ஆயினும் இறைவனே அரசன் என்ற கருத்து அதன் ஏடுகள் எங்கும் ஓடுகின்றது. எகிப்திய அடிமைத்தளையினின்று தப்பிக் கடல் கடந்த மக்கள் பாடியதாகச் சொல்லப்படும் பழம்பாடல் ஆண்டவர் என்றென்றும் அரசாள்வார் என்ற முழக்கத்துடனேயே முடிகின்றது. பார்வோன் என்ற அரசனிடமிருந்து விடுபட்டவர்கள் உடனே இன்னொரு மனித அரசனைத் தேடவில்லை. நீதித்தலைவர்கள் காலத்தில் மிதியானியரை முறியடித்த கிதியோனிடம் மக்கள் சென்று, நீரும் உம் மகனும் பேரனும் எம்மை ஆளவேண்டும் என்று வேண்டியபோது அவர் மறுத்தார். தாமும் ஆளப்போவதில்லை, தம் மகனும் ஆளப்போவதில்லை, ஆண்டவரே ஆள்வார் என்பதே அவர் விடை.

இம்மனநிலையை அறிய முதலாம் சாமுவேல் நூலின் எட்டாம் அதிகாரத்தைப் படித்தால் போதும். மற்ற இனத்தாருக்கு உள்ளதுபோல் எமக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று மூப்பர்கள் கேட்கின்றனர். முதிய சாமுவேல் மனம் நொந்து இறைவனிடம் முறையிட, அவர்கள் உன்னையல்ல, என்னையே அரசனாக வேண்டாமென்று தள்ளுகின்றார்கள் என்ற பதில் கிடைக்கின்றது. பின்னர் சாமுவேல் மக்களுக்குக் கணக்குச் சொல்கின்றார்: அரசன் உங்கள் ஆண்மக்களைத் தேர்ப்படைக்கு எடுப்பான், பெண்மக்களைச் சமையலுக்கும் அப்பம் சுடவும் எடுப்பான், சிறந்த வயல்களையும் முந்திரித் தோட்டங்களையும் எடுத்துத் தன் அலுவலருக்குக் கொடுப்பான், விளைச்சலிற் பத்திலொன்று எடுப்பான், ஈற்றில் நீங்களே அவனுக்கு அடிமைகளாவீர்கள். முடியாட்சியின் மீது இவ்வளவு கடுமையான குற்றப்பத்திரிகையைத் தன் திருநூலிலேயே வைத்துப் போற்றிய வேறோர் இனம் பண்டைய மேற்காசியாவில் இருந்ததாக நாம் அறியோம்.

பாரிஸ் வாழ் வாசகர்கள் லூவர் அருங்காட்சியகத்திற் கருங்கல்லாலான ஹம்முராபியின் சட்டத் தூணைப் பார்த்திருக்கக்கூடும். கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட அவ்வரசன் நீதித் தெய்வத்தின் முன் நிற்பதாக அதன் உச்சியிற் செதுக்கப்பட்டிருக்கின்றது. அங்கே சட்டம் தருபவன் அரசன். எபிரேய மறைநூலிலோ எந்தச் சட்டத் தொகுப்பும் ஓர் அரசனின் பெயரில் இல்லை. தாவீதின் பெயரிலும் இல்லை, ஞானி எனப் புகழப்பெற்ற சாலமோனின் பெயரிலும் இல்லை. அவையனைத்தும் அரசன் என்றொருவன் தோன்றுமுன், எவருக்கும் சொந்தமில்லாத பாலைநிலத்திலே அருளப்பட்டவையாகவே சொல்லப்படுகின்றன. இணைச்சட்ட நூல் இன்னும் ஒருபடி மேலே சென்று, அரசன் குதிரைகளையும் மனைவியரையும் பொன் வெள்ளியையும் பெருக்கக் கூடாது, சட்டத்தின் படியொன்றை எழுதிவைத்து நாள்தோறும் படிக்கவேண்டும் என்று விதிக்கின்றது. ஆகாபு மன்னன் நாபோத்து என்ற குடியானவனின் முந்திரித் தோட்டத்துக்கு ஆசைப்பட்டு, பொய்ச்சாட்சி கொண்டு அவனைக் கொல்வித்தபோது, எலியா என்ற இறைவாக்கினர் எழுந்துநின்று அரசனைக் கொலைகாரன் என்று கேட்க முடிந்தது இதனாலேதான். உண்மையான அரசன் வேறொருவர் இருக்கும்போது, அரியணையில் இருப்பவர் பொறுப்புச் சொல்லவேண்டியவர் ஆகின்றார்.

ஆயினும் முடியாட்சி வந்தது. சவுலும் தாவீதும் சாலமோனும் ஆண்டனர். தாவீதின் குடும்பம் என்றென்றும் நிலைக்கும் என்ற வாக்குறுதியும் நாத்தான் வாயிலாகப் பிறந்தது. தாவீது வரலாற்று மனிதரோ என்று ஐயுற்றோருக்கு, வட இசுரேலின் தாண் என்ற இடத்தில் 1993இல் அகழ்ந்தெடுத்த அரமேயக் கல்வெட்டுத் துண்டொன்று 'தாவீதின் வீடு' என்ற பெயரை அறிவித்தது. சாலமோனுக்குப் பின் நாடு இரண்டாயிற்று. வடபகுதி கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. தென்பகுதியான யூதா கி.மு. 586இல் பாபிலோனிய மன்னன் நெபுக்கத்னேசரிடம் வீழ்ந்தது. எருசலேமும் அதன் ஆலயமும் எரிந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கி.மு. 597இல், இளமன்னன் யோயாக்கீனும் அரண்மனையினரும் கைவினைஞரும் பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தனர்.

இறைவனே அரசன் என்ற கொள்கைக்கு வந்த பெருஞ்சோதனை இதுவே. அக்கால நம்பிக்கைப்படி நாடு தோற்றால் நாட்டின் தெய்வமும் தோற்றதென்றே பொருள். பாபிலோனில் ஆண்டுதோறும் இளவேனிற் புத்தாண்டு விழாவில் மார்துக் என்ற தெய்வம் பிற தெய்வங்களால் அரசனாக முடிசூட்டப்பெற்ற கதை ஓதப்பட்டது. அதன் திருவுருவம் பெருவீதியில் ஊர்வலம் வந்தது. வீதியோரத்தில் நின்று அதைப் பார்த்த யூத ஏதிலியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! எரிந்துபோன தன் ஆலயத்தின் பாத்திரங்கள்கூட அந்நகரின் கருவூலத்திலேதான் கிடந்தன.

ஏதிலி வாழ்வின் அன்றாடம் எவ்வாறு இருந்தது என்பதற்கு இப்போது களிமண் பலகைச் சான்றுகள் உள்ளன. பாபிலோன் அரண்மனையிற் கிடைத்து 1939இல் வெளியிடப்பட்ட பலகைகளில், யூதாவின் அரசனான யோயாக்கீனுக்கும் அவன் புதல்வர்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு இருக்கின்றது. சிறைப்பட்ட மன்னன் பங்கீட்டு எண்ணெய் வாங்கி வாழ்ந்தான். 2014இல் வெளியிடப்பட்ட மற்றொரு தொகுதிப் பலகைகளோ சாதாரண மக்களுடையவை. 'யூதாவூர்' என்று பெயர்பெற்ற ஒரு குடியேற்றத்தில் அவர்கள் நிலம் பயிரிட்டதும், வரி கட்டியதும், கடன் வாங்கியதும், பங்கு பிரித்ததும் அவற்றிற் பதிவாகியுள்ளன. சிலர் பெயரில் யாவே என்ற தங்கள் தெய்வத்தின் பெயர் ஒட்டியிருக்கின்றது. சிலர் பாபிலோனியப் பெயர் தாங்கியுள்ளனர். பின்னாளில் எருசலேம் திரும்பி ஆலயத்தை மீளக்கட்ட முன்னின்ற செருபாபேல் யோயாக்கீன் மன்னனின் பேரன், தாவீதின் வழித்தோன்றல். அவர் பெயரின் பொருளே 'பாபிலோனின் வித்து' என்பர். பிள்ளைகளுக்கு வந்த நாட்டுப் பெயரை வைப்பதா, சொந்தப் பெயரை வைப்பதா என்ற வாதம் மிகப் பழையது போலும்.

இம்மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் விவிலியத்திற் காக்கப்பட்டுள்ளது. நாளையே திரும்பிவிடலாம் என்று ஆசைகாட்டியோரை நம்பவேண்டாம் என்றார் அவர். வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், மணம் முடியுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலத்துக்காக மன்றாடுங்கள் என்றார். திரும்பும் நாள் வரும், ஆனால் எழுபது ஆண்டுகள் ஆகும் என்றார். அக்காலத்திற் பலர் இவரைத் துரோகி என்றே கருதினர். எருசலேமில் அவர் அடிபட்டுச் சிறையும் இருந்தார்.

இறையரசுக் கொள்கை முழுவடிவம் பெற்றது இந்த மண்ணிழந்த காலத்திலேதான். ஏசாயா நூலின் பிற்பகுதியை ஆக்கிய, பெயர் தெரியாத இறைவாக்கினர் ஒருவர், மலைகளின் மேல் ஓடிவரும் ஒரு தூதனைக் காட்டுகின்றார். சீயோனுக்கு அவன் கொண்டுவரும் நற்செய்தி, உன் கடவுள் அரசாள்கின்றார் என்பதே. கிறித்தவர் தம் மறைக்கு இட்ட 'நற்செய்தி' என்ற பெயரும் யேசு அறிவித்த 'இறையாட்சி'யும் ஒருங்கே நிற்கும் ஊற்று இவ்விடம்தான் என்று அறிஞர் கூறுவர். பாபிலோனியத் தெய்வங்களோ களைத்த விலங்குகளின் முதுகில் ஏற்றப்பட்ட சுமைகள் என்றும், தம் கடவுளோ மக்களைத் தாமே சுமப்பவர் என்றும் அவர் எள்ளி நகையாடுகின்றார். இதனினும் வியப்பானது, எபிரேயரல்லாத பாரசீக மன்னன் கோரேசை 'அருட்பொழிவு பெற்றவர்', அதாவது மெசியா என்றே அவர் அழைத்தது. தாவீதின் குலத்துக்கே உரியதென மக்கள் கருதிய பட்டம் ஒரு வேற்றினத்தானுக்குச் சென்றது. இறைவனின் ஆட்சி தம் நாட்டெல்லைக்குள் அடங்குவதன்று என்று கண்டவர்களாலேதான் இப்படிச் சொல்லியிருக்க முடியும்.

கோரேசு கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றியபின் ஒரு பகுதியினர் திரும்பினர்; கி.மு. 515இல் ஆலயம் மீண்டும் எழுந்தது. பலர் திரும்பவே இல்லை. அரசு மட்டும் மீளவில்லை. பாரசீகருக்குப் பின் கிரேக்கர் வந்தனர். அந்தியோக்கு மன்னன் கி.மு. 167இல் ஆலயத்தையே தீட்டுப்படுத்தியபோது மக்கபேயர் வாளெடுத்தனர். தானியேல் நூல் இன்றைய வடிவிற் பிறந்தது. பேரரசுகள் நான்கு கொடிய விலங்குகளாகக் கடலினின்று எழுவதையும், ஈற்றில் ஆட்சியுரிமை மனித சாயல் கொண்ட ஒருவருக்கு அளிக்கப்படுவதையும் அந்நூல் காட்சியாக விரிக்கின்றது. பேரரசுகள் மிருகங்கள், இறையரசு மனிதம் என்ற இந்த வேறுபாட்டை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். மக்கபேயர் வென்றனர், ஆனால் அவர்களின் வழிவந்தோர் தாமே முடிசூடிக்கொண்டு, ஒருவரோடொருவர் பொருதி, நடுவராக உரோமரை அழைக்கும் நிலைக்கு வந்தனர். கி.மு. 63இல் பொம்பேயு எருசலேமுக்குட் புகுந்தான். சாமுவேல் சொன்ன கணக்கு பிழைக்கவில்லை.

கி.பி. 6இல் உரோமர் வரிக்காகக் குடிக்கணக்கு எடுத்தபோது கலிலேயனான யூதா என்பவன், கடவுளையன்றி வேறு தலைவனில்லை என்று கூறிக் கிளர்ந்தெழுந்தான். இதனை எழுதிவைத்த யோசேப்பு என்ற வரலாற்றாசிரியர் பின்னர் உரோமரிடம் சரணடைந்து அவர்களின் ஆதரவில் வாழ்ந்தவர். அவர் கூற்றை அதற்கேற்பவே எடைபோடுதல் வேண்டும். யூதாவின் புதல்வர் இருவர் சிலுவையில் மாண்டனர். மசாதா மலைக்கோட்டையில் ஈற்றுவரை நின்றோரின் தலைவனும் அவன் குலத்தவனே என்று யோசேப்பு கூறுகின்றார். அதே இறைவனே அரசன் என்ற கோட்பாடுதான் இங்கு வாளாக மாறிற்று. இதனை வெறும் கலகம் என்று ஒதுக்குவோர் கிதியோனை மறந்தவர்கள்.

இதே கலிலேயாவில், இதே தலைமுறையின் நினைவில் வளர்ந்தவர் யேசு. இறையாட்சி அண்மித்துவிட்டது என்று அவர் கூறியபோது கேட்டவர் எவரும் அதை மோட்சம் என்று கொண்டிருக்க மாட்டார்கள். உரோம அலுவலரும் அவ்வாறு கொள்ளவில்லை என்பதற்கு, யூதரின் அரசன் என்று சிலுவையில் அறைந்த பலகையே சான்று. ஆனால் அவர் அம்மரபின் வேறொரு நரம்பைத் தொட்டார். பேரரசை எசேக்கியேலும் தானியேலும் வானளாவிய மரமாக வருணித்திருந்தனர். பறவைகள் தங்கும் கேதுரு மரம். யேசு அப்பறவைகளை எடுத்துக்கொண்டு மரத்தை மாற்றிவிட்டார். இறையாட்சி ஒரு கடுகு விதை என்றார். கடுகு ஒருமுறை விழுந்த நிலத்திலிருந்து அதை ஒழிப்பது அரிது என்று அந்நூற்றாண்டின் உரோம அறிஞர் பிளினி எழுதியுள்ளார். கேட்ட உழவர் சிரித்திருப்பர். சிலர் சினந்தும் இருப்பர்.

தம் அரசு இவ்வுலகத்தைச் சார்ந்ததன்று என்று பிலாத்துவிடம் யேசு கூறியதாக யோவான் எழுதுவது அடிக்கடி எடுத்தாளப்படும் இடம். கிரேக்க மூலத்தில் அது எங்கிருந்து வருகின்றது என்பதையே சொல்கின்றது, எங்கே நடக்கின்றது என்பதையன்று. அதனாலேயே தம்மவர் வாளெடுக்கவில்லை என்று அவர் தொடர்கின்றார். லூக்காவின் ஒரு சொல்லும் இவ்வாறு இடர் தந்தது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இறையரசு உங்களுக்குள் இருப்பதாகவும், புதியது உங்கள் நடுவில் இருப்பதாகவும் கூறுகின்றன. முன்னைய பொருளைக் கொண்டு தோல்ஸ்தோய் எழுதிய நூல் 1894இல் வெளிவந்தது; தென்னாபிரிக்காவில் இருந்த காந்தியை அது ஆட்கொண்டது. எபிரேய மரபை நோக்கின் பின்னையதே பொருத்தம். தனி உள்ளத்துக்குள் மட்டும் நடக்கும் ஆட்சியை அம்மரபு அறியாது.

ஆலயம் கி.பி. 70இல் மீண்டும் எரிந்தபின் யூத ரபிமார் இக்கொள்கையை வீட்டுக்குள் கொண்டுவந்தனர். கடவுள் ஒருவரே என்ற 'ஷெமா' மந்திரத்தைக் காலையும் மாலையும் ஓதுவதை 'விண்ணரசின் நுகத்தை ஏற்றல்' என்றனர். மணநாளிரவில் மணமகன் அதனை ஓதவேண்டியதில்லை என்பது விதி. ரபான் கமாலியேல் தம் மணநாளிரவிலும் ஓதினார். சீடர் வியந்து வினவ, ஒரு மணி நேரமேனும் அந்த நுகத்தைக் கழற்றிவைக்கத் தம்மால் இயலாது என்றாராம். அப்பத்தைப் பிட்கும்போது சொல்லும் சிறு வாழ்த்திலும் 'அண்டத்தின் அரசர்' என்ற சொல் இடம்பெறல் வேண்டும் என்று விதித்தனர்; அரசைக் குறிப்பிடாத வாழ்த்து வாழ்த்தே அன்றாம்.

ஆயினும் வாளும் முற்றாக உறையிலிடப்படவில்லை. கி.பி. 132இல் பார் கொக்பா உரோமருக்கெதிராக எழுந்தபோது, அக்காலத்துப் பேரறிஞரான ரபி அகிபாவே அவனை மெசியா அரசன் என்றார். உமது தாடையிற் புல் முளைத்தாலும் மெசியா வரப்போவதில்லை என்று இன்னொரு ரபி அவரை மறுத்தாராம். கி.பி. 135இல் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. யூதர் எருசலேமுக்குட் செல்வது தடுக்கப்பட்டது. அகிபாவை உரோமர் இரும்புச் சீப்பால் தசையைக் கிழித்துக் கொன்றனர் என்றும், அது ஷெமா ஓதும் வேளை ஆதலால் அவர் விண்ணரசின் நுகத்தை ஏற்றவண்ணமே உயிர்விட்டார் என்றும் தல்மூத் கூறுகின்றது. அரசைக் களத்தில் தேடியவரும், அதைச் செபத்திற் கண்டவரும் ஒருவரே.

கிறித்தவ உலகம் இவ்வெபிரேயப் பொருளை நெடுங்காலம் இழந்திருந்தது. கொன்ஸ்தந்தைன் பேரரசன் கிறித்தவத்தைத் தழுவியதும், அவன் ஆட்சியே விண்ணாட்சியின் சாயல் என்று எவுசேபியு ஆயர் புகழ்ந்தார். உரோம் 410இற் சூறையாடப்பட்டபின் அகுஸ்தீன் இதனை மறுத்து, இறைநகரையும் மண்ணக நகரையும் பிரித்தெழுதினார். ஆயினும் திருச்சபையே இறையரசு என்ற எண்ணம் அவர் வழியாகவும் வேரூன்றிற்று. 19ஆம் நூற்றாண்டு ஜேர்மனியில் ரிட்ஷல் என்ற இறையியலாளர் அதனை நல்லொழுக்கச் சமுதாயமாக விளக்கினார். அவரது மருமகன் யோகான்னஸ் வைஸ், மாமனார் 1889இல் மறைந்தபின்னரே, 1892இல், அது பிழை, யேசு யூதராகவே பேசினார் என்று தம் சிறு நூலை வெளியிட்டார். அந்நாட்டு மொழியில் இறையரசுக்கும் பேரரசுக்கும் 'ரைஹ்' என்ற ஒரே சொல்தான் என்பதை அங்கு வாழும் நம்மவர் அறிவர். மூன்றாம் ரைஹ் எனத் தன்னை அழைத்த ஆட்சி தோன்றுவதற்குச் சற்றுமுன், 1932இல், மார்ட்டின் பூபர் என்ற யூத மெய்யியலாளர் கிதியோனின் மறுப்பைத் தொடக்கமாக வைத்து இறைவனின் அரசத்தன்மை பற்றிய நூலை வெளியிட்டார். 1938இல் அவர் ஜேர்மனியை விட்டு வெளியேறி எருசலேம் சென்றார்.

யேசு கற்பித்த செபத்துக்கு மிக நெருங்கிய யூதச் செபம் 'கதீஷ்' என்பது. இறைவனின் பெயர் தூய்மை பெறுக, அவர் அரசு விரைவில், உங்கள் வாழ்நாளிலேயே நிறுவப்பெறுக என்ற பொருளில், மக்கள் பேசிய அரமேயத்திலேயே அது அமைந்துள்ளது. நடு நூற்றாண்டுகளில் ஐரோப்பிய யூதர் அதனை இறந்தோருக்காகப் பிள்ளைகள் சொல்லும் செபமாக்கினர். அச்செபத்தில் இறந்தவரின் பெயர் இல்லை. சாவு என்ற சொல்லும் இல்லை. தாயையோ தந்தையையோ இழந்தவர் பதினொரு மாதங்கள் நாள்தோறும் எழுந்துநின்று அதனை ஓதுகின்றார். பத்துப் பேர் கூடாவிடில் அதை ஓதலாகாது.